புள்ளி வைத்த விடைகள்

ஜூன் 2, ஞாயிறு

சதுரன் என்ற புனைபெயரில் கட்டம் போடுகிற ஆசாமி யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்பேன். காலை ஆறரைக்கு உட்கார்ந்தேன். இப்போது ராத்திரி மணி பதினொன்றரை. நாற்பதில் பதிமூன்றுதான் நிரம்பியிருக்கிறது. அந்தப் பதிமூன்றிலும் இரண்டு எனக்கே சரியாகப் படவில்லை.

பின்னால் யாராவது இந்த நோட்டைப் படிக்க நேர்ந்தால் புரியவேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். 'தென்பொழுது' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கடைசிப் பக்கம் முழுக்கக் குறுக்கெழுத்துப் போட்டி. பெருங்கட்டம் என்று பெயர். படிவத்தை வெட்டி வியாழனுக்குள் மதுரை அலுவலகத்துக்குச் சேர்த்துவிட வேண்டும். நாற்பதையும் சரியாக எழுதியவர்களின் பெயர் அடுத்த ஞாயிறு அச்சில் வரும். பரிசு ஒன்றும் கிடையாது, பெயர்தான் பரிசு. 'வே. தங்கமாரியப்பன், விருதுநகர்' என்ற பெயர் இன்றோடு நூற்று மூன்று வாரம் விடாமல் வந்திருக்கிறது. நூறு வாரம் தாண்டியதற்காகப் போன ஞாயிறு மாலை மதுரையில் வாசகர் விழா வைத்து, சால்வை போட்டு, 'கட்டச் செம்மல்' என்று பொறித்த கேடயம் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பன்னிரண்டு நிமிடம் பேசினேன். யாரும் எழுந்து போகவில்லை. "வீட்டம்மாவுக்கு இதெல்லாம் எட்டாதுங்க, அவங்க உலகம் அடுப்படியோட சரி" என்று சொன்னபோது கூட்டம் முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. என் மனைவி சண்முகத்தாய் மூன்றாவது வரிசையில் என் குடையையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் புதன்கிழமை கோவில்பட்டிக்குப் போனாள். தங்கை அன்னத்தாய் வீட்டில் வற்றல் போட ஆள் வேண்டுமாம். இரண்டு நாள் என்றாள். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது.

வீட்டில் சத்தமே இல்லை. கட்டம் போட இதைவிட நல்ல சூழ்நிலை கிடைக்காது. ஆனாலும் நகரமாட்டேன் என்கிறது. மேலிருந்து கீழ் பதினேழு: 'அரிசி களைந்த நீர்.' நாலெழுத்து. மூன்றாவது எழுத்து 'நீ'. "ஏ தாயி, அரிசி களைஞ்ச தண்ணிக்கு என்ன பேரு? நாலெழுத்து" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டேன். பழக்கம்தான், வேறொன்றுமில்லை. அடுப்படியில் யாருமில்லை.

மாலையில் போன் போட்டேன், கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்க. பீரோ மேல்தட்டு என்றாள். போனை வைக்கப் போகும்போது சாதாரணமாகக் கேட்பது மாதிரி கேட்டேன்.

"ஆமா, அரிசி களையுற தண்ணிய முருங்கைக்கு ஊத்தலாம்னு பாக்கேன். அதுக்கு என்ன பேரு சொல்லுவாக?"

"பேரு எதுக்கு? தண்ணின்னே ஊத்துங்க, முருங்கை குடிச்சுக்கிடும்."

போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 4, செவ்வாய்

'அரிநீர்' என்று எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அரிசி, நீர், அரிநீர். தர்க்கம் இடிக்கவில்லை. மற்ற கட்டங்களையும் இதே முறையில் முடித்தேன்.

ஜூன் 6, வியாழன்

முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றினேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஆனது. பால் பொங்குவதை எப்படித்தான் கூடத்திலிருந்தே கண்டுபிடிப்பாளோ தெரியவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

பெயர் வரவில்லை.

மூன்று முறை பார்த்தேன். 'விருதுநகர்' என்ற ஊரே பட்டியலில் இல்லை. விடை 'கழுநீர்' என்று போட்டிருக்கிறது. கழுநீராம். இதெல்லாம் ஒரு சொல்லா? சதுரன் என்பவன் ஆணாக இருக்கவே முடியாது என்று தோன்றுகிறது.

காலை நடையில் ராமசுப்பு பிடித்துக்கொண்டார். முனிசிபல் பூங்காவில் என்னோடு நடக்கிறவர், மளிகைக்கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வில் இருப்பவர். பெருங்கட்டத்தில் இருபதைத் தாண்டியதில்லை, ஆனால் பட்டியலைப் படிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

"என்ன அண்ணாச்சி, பேரக் காணலையே?"

"அச்சுப்பிழை. எழுதிப் போடணும்."

"அச்சுப்பிழையில பேரு தப்பா வரும். வராமயே போகுமா?" என்றவர், கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "கோவில்பட்டியில சண்முகத்தாய்னு ஒரு அம்மா எல்லாம் சரியாப் போட்டிருக்கு, பாத்தீகளா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். 'சு. சண்முகத்தாய், கோவில்பட்டி.' அந்த ஊரில் தெருவுக்கு மூன்று சண்முகத்தாய் இருப்பார்கள். 'சு' என்றால் சுப்பையாவாக இருக்கலாம், சுந்தரமாக இருக்கலாம். என் மாமனார் பெயர் சுடலைமுத்து என்பதால் ஒன்றும் ஆகிவிடாது. மேலும் திருமணமான பெண் கணவன் பெயரின் முதலெழுத்தைத்தான் போடுவாள். ரேஷன் கார்டில் அப்படித்தான் இருக்கிறது.

இன்றைய கட்டம் இதைவிட மோசம். இடமிருந்து வலம் இருபத்திரண்டு: 'புள்ளிகளைத் தொடாமல் சுற்றி வளைத்துப் போடுவது.' ஏழு எழுத்து, கடைசி நான்கு 'க்கோலம்'. ஏதோ ஒரு கோலம், அது தெரிகிறது. எந்தக் கோலம்? வாசலில் போய்ப் பார்த்தேன். முப்பத்தாறு வருடமாகத் தினமும் தாண்டிப் போகிற வாசல். அவள் போன பிறகு அங்கே கோலமே இல்லை, தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. எதிர்வீட்டு வாசலை எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் துடைப்பத்தோடு வெளியே வந்து என்ன வேண்டும் என்றாள். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

'புள்ளிக்கோலம்' என்று எழுதினேன். எழுத்து கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஜூன் 11, செவ்வாய்

சோறு அடிப்பிடித்துவிட்டது. பாத்திரத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கை வலிக்கிறது. வேறு வழியில்லாமல் போன் போட்டேன்.

"சோறு அடியில கரியாப் பிடிச்சுப்போச்சு. கரண்டி வச்சுச் சுரண்டுனாலும் வரமாட்டேங்குது."

"காந்தலா? சுரண்டாதீக, பாத்திரம் போயிரும். புளித்தண்ணி ஊத்தி ஊற வைங்க."

"வற்றல் இன்னும் காயலையா?"

"காயலை."

"ஆனி பொறக்கப்போகுது, அடிக்கிற காத்துக்கும் வெயிலுக்கும் கல்லே காஞ்சுபோகும். வற்றல் காயாதாக்கும்?"

"இது வேற வற்றல்" என்றாள்.

எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். ஒரு மனுஷன் நேரடியாகக் கேட்டால் நேரடியாகப் பதில் சொல்லக் கூடாதா?

ஜூன் 14, வெள்ளி

மகள் தமயந்தி ஓசூரிலிருந்து பேசினாள். விஷயத்துக்கு வருகிற பெண் அவள், என்னை மாதிரி.

"அப்பா, மேடையில நன்றி சொன்னீங்கள்ல, யார் யாருக்குச் சொன்னீங்க?"

சொன்னேன். ஆசிரியருக்கு, சதுரனுக்கு, எட்டாம் வகுப்புத் தமிழாசிரியருக்கு, மழையிலும் பேப்பர் போட்டுவிடும் முருகேசனுக்கு.

"அம்மாவுக்கு?"

"வீட்டு ஆளுக்கு யாரும்மா நன்றி சொல்லுவா? வெளியாளுக்குத்தான் சொல்லுவோம். அது மரியாதை இல்லாத வேலை."

"சரி, நன்றி வேண்டாம். அவங்க உலகம் அடுப்படியோட சரின்னு எதுக்குச் சொன்னீங்க?"

"அது ஒரு சிரிப்புக்கு."

"அம்மா சிரிச்சாங்களாப்பா?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். உண்மையில் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

என் பெயர் இல்லை. சு. சண்முகத்தாய், கோவில்பட்டி, இருக்கிறது.

விடை சிக்குக்கோலம்.

ஜூன் 17, திங்கள்

நடக்கப் போகவில்லை. ராமசுப்புவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நான் தோராயமாகப் பேசுகிறவன் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்தவன். எதற்கும் ஆவணம் வேண்டும். என் விடைகளை நானே போட்டேன் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் படிவத்தில் ஏற்றுவதற்கு முன் நோட்டில் கட்டம் வரைந்து போட்டுப் பார்ப்பது வழக்கம். அப்படி ஆறு நோட்டு. தமயந்திக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று பரணிலிருந்து இறக்கினேன்.

என் முறை இது. குறிப்பைச் சத்தமாக வாசிப்பேன். எனக்கு வருவதற்குள் சில சமயம் அடுப்படியிலிருந்து அவள் ஏதாவது சொல்வாள். அதை எழுதிக்கொள்வேன், ஆனால் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன். பொறுப்பில்லாத இடத்திலிருந்து வந்த விடை, அகராதியில் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக.

எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் புள்ளி. முதல் நோட்டின் முதல் வாரத்தில் இருபத்தாறு புள்ளி. நடுவில் ஒரு வாரம் முப்பத்துமூன்று. விழா நடந்த ஞாயிறு காலை போட்ட கட்டத்தில் இருபத்தொன்பது. கோடு இழுத்தால் கோலமே போட்டுவிடலாம்.

படம் எடுத்து அனுப்பவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். சரிபார்த்து அடித்த புள்ளி ஆறு நோட்டிலும் சேர்த்து நாலுதான். அதில் இரண்டு, அவள் சொன்னதே சரி. நான் அடித்ததுதான் தப்பு; அவள் சொன்னதையே மேலே திரும்ப எழுதித்தான் படிவத்தில் ஏற்றியிருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. சோறும் நன்றாக இல்லை.

ஜூன் 20, வியாழன்

அலுவலகத்தில் இருந்த காலத்தில் சாத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் நிலம் விற்க வந்தார். பத்திரம் அவர் பெயரிலும் மனைவி பெயரிலும் கூட்டாக இருந்தது. அந்தம்மாவை அழைத்து வரவில்லை. "அது பொம்பள, அதுக்கு என்ன சார் தெரியும், நான் போடுறேன் கையெழுத்து" என்றார். நான் மேஜையைத் தட்டிச் சொன்னேன், அவங்க பங்குக்கு நீ யாருய்யா கையெழுத்துப் போட என்று. மூன்று முறை திருப்பி அனுப்பினேன். நான்காவது முறை அந்தம்மா வந்தது. ரொம்ப காலம் இந்தக் கதையைச் சாப்பிடும்போதெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சண்முகத்தாய் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்பாள்.

இன்று சாப்பிட உட்கார்ந்தபோது ஏன் அது ஞாபகத்துக்கு வந்தது என்று தெரியவில்லை. பொய். தெரியும்.

அந்த மேடையில் அவள் பங்குக்கும் சேர்த்து நான் சால்வை வாங்கினேன். வாங்கியதோடு விட்டேனா, பங்கே கிடையாது என்று மைக்கில் வேறு சொன்னேன். அவளைக் குடையைப் பிடித்துக்கொண்டு உட்காரவும் வைத்தேன்.

பதிந்த பத்திரத்தில் தப்பு இருந்தால் அடித்துத் திருத்த முடியாது. பிழைதிருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுதவேண்டும். மதியம் உட்கார்ந்து 'தென்பொழுது' ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம் வந்தது. இரண்டு தரப்புக் கையெழுத்தும் வேண்டுமே, கீழே அவள் பெயருக்கும் ஒரு கோடு போட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

பட்டியலில் சு. சண்முகத்தாய். மூன்றாவது வாரம். நான் போன வாரம் படிவம் அனுப்பவே இல்லை.

எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன். பையில் ஆறு நோட்டும் கடிதமும் இருந்தன. சாத்தூர் வரை நின்றுகொண்டே போனேன். இன்றைய கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் எனக்கே தெரிந்ததை மட்டும் எழுதிப் பார்த்தேன். கோவில்பட்டி வருவதற்குள் பதினொன்று. என் உண்மையான கணக்கு அதுதான்.

அன்னத்தாய்தான் கதவைத் திறந்தாள். "வாங்க அத்தான்" என்றாள், உள்ளே திரும்பி, "அக்கா, வந்துட்டாக" என்றாள். என்னவோ எப்போது வருவேன் என்று பேசி வைத்திருந்த மாதிரி.

சண்முகத்தாய் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பேப்பர், கையில் பென்சில். மூக்குக்கண்ணாடி புதிது. கட்டம் முடிகிற நிலையில் இருந்தது. வற்றல் எங்கேயும் காணோம்.

வழியெல்லாம் தயார் செய்த பேச்சு ஒன்றும் ஞாபகமில்லை. அவள் கட்டத்தை எட்டிப் பார்த்தேன். இடமிருந்து வலம் ஒன்பது, 'சொத்தின் மேலுள்ள பாத்தியதை; சான்று வாங்கிச் சரிபார்ப்பர்.' என் பதினொன்றில் ஒன்று. அவளும் 'வில்லங்கம்' என்று எழுதியிருந்தாள்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். இத்தனை நாள் கழித்துப் பார்க்கிற பெண்டாட்டியிடம் முதலில் கேட்ட கேள்வி இதுதான். என் புத்தியை என்ன சொல்ல.

"முப்பத்தாறு வருஷமா உங்க ஆபீஸ் கதையக் கேட்டவ நான்" என்றாள். "நீங்க வாசல்ல கெடக்குற கோலத்துக்குப் பேரு தெரியாம புள்ளிக்கோலம்னு எழுதியிருப்பீகளே?"

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நோட்டுகளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "புள்ளி வச்சதெல்லாம் நீ சொன்னது. எண்ணிப் பாத்தேன்."

அவள் திறக்கவில்லை. "தெரியும். நீங்க புள்ளி வைக்கும்போது பேனா டக்குன்னு தட்டும். அடுப்படி வரைக்கும் கேக்கும்."

"கேக்குமா?"

"எத்தனைன்னுகூடத் தெரியும். அந்த விழா அன்னைக்குக் காலையில இருபத்தொம்பது. சாயந்தரம் மேடையில ஒண்ணாவது சொல்லுவீகன்னு நெனச்சேன்."

அன்னத்தாய் அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே, "தப்புதான், தாயி" என்றேன். இந்தச் சொல்லை என் வாயிலிருந்து அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

பிறகு கடிதத்தை நீட்டினேன். நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். பென்சிலால் அடிக்க ஆரம்பித்தாள். தமிழாசிரியர் போனார். தமிழின் தொன்மை போனது. என் முப்பத்தோரு வருட சர்வீஸ் போனது. கடைசியில் ஆறு வரி நின்றது. மேடையில் நான் சொன்னது பிழை. விடைகளில் பெரும்பாலானவை என் மனைவி சொன்னவை. அதற்கு நோட்டு ஆதாரம் இருக்கிறது. சால்வை அவருக்கு உரியது.

"கீழ என் பேருக்கு எதுக்குக் கோடு?"

"பிழைதிருத்தல் பத்திரம்னா ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும்."

"தப்புப் பண்ணுனது நீங்க. நான் எதுக்குப் போடணும்? நீங்க மட்டும் போடுங்க."

போட்டேன். ஆறு வரியையும் திருத்தமாக எழுதிப் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சாப்பாடு போட்டாள். அவள் கழுவின தட்டை நானே வாங்கி வைத்தேன். கிளம்பும்போது கேட்டேன்.

"வற்றல் காஞ்சுருச்சா?"

"புதன்கிழமை பாப்போம்" என்றாள். "முருகேசன்கிட்ட ரெண்டு பேப்பர் போடச் சொல்லுங்க. இனிமே ஆளுக்கு ஒண்ணு."

ஜூன் 26, புதன்

வந்துவிட்டாள். வந்ததும் பாத்திரங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜூன் 30, ஞாயிறு

கடிதம் வந்திருக்கிறது, இரண்டாம் பக்கத்தில், கட்டம் போட்டு. பூங்காவில் ராமசுப்பு பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார். ஒரு சுற்று முடிந்த பிறகு, "எங்க வீட்டு மளிகைக் கணக்கும் அவதான் போட்டா அண்ணாச்சி, யாருக்குத் தெரியும்" என்றார்.

சதுரன் இந்த வாரமும் மனுஷனாக நடந்துகொள்ளவில்லை. அவள் கூடத்தில் அவள் பேப்பரோடு. என் பேப்பர் அடுப்படி மேடையில், ஏனென்றால் ஞாயிறு காலைச் சமையல் இனி என் பொறுப்பாம். இதுவும் கோவில்பட்டியில் முடிவானதுதான் போலிருக்கிறது, என்னைக் கேட்கவில்லை. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் பேனா. பத்து மணிக்குப் பதினாலு நிரம்பியது. பேப்பரில் எண்ணெய் வேறு.

"தாயி, மேலிருந்து கீழ் ஆறு..." என்று ஆரம்பித்தேன்.

"அதே கட்டந்தான் எனக்கும். சொல்ல மாட்டேன்."

எவ்வளவு கல்நெஞ்சு. பருப்பைக் கடைந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ஏங்க. பாத்திரத்து அடியில பிடிச்சுப்போன சோறு. நாலெழுத்து. என்னவா இருக்கும்?"

அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? எனக்கே அவள்தானே போனில் சொன்னாள். கரண்டியைக் கீழே வைத்தேன்.

"காந்தல்" என்றேன், கொஞ்சம் சத்தமாக.

பென்சில் எழுதுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு, அடுப்படி வரைக்கும் நன்றாகக் கேட்கும்படி, டக்கென்று ஒரு தட்டு.

எனக்குப் புள்ளி வைத்துவிட்டாள்.